பாட்டனார் எழுதிய பரீட்சை

"அண்ணே, இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றிக்கு மனைவியர் எத்தனை பேர்?"

சென்ற மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், இலண்டனில் வாழும் என் தங்கை தொலைபேசியில் நலம் விசாரித்து முடித்தவுடன் கேட்ட கேள்வி இதுவாகும். நான் திகைத்தேன். பசறையிலே கல்லூரி ஆசிரியனாக இருபது ஆண்டுகளாகக் காலந்தள்ளும் ஒருவனுக்கு, அதுவும் மாலைத் தேநீரைக் கையில் ஏந்தியிருக்கும் வேளையில், அந்த மன்னனின் குடும்ப விவகாரம் எதற்கு? "ஆறு பேர்" என்றேன். "பெயர்களை வரிசையாகச் சொல்லுங்கள்" என்றாள். இருவர் பெயரோடு நின்றுவிட்டேன். அவளோ மூச்சு விடாமல் ஆறு பெயர்களையும் ஒப்புவித்தாள். எவள் விலக்கப்பட்டவள், எவள் தலை கொய்யப்பட்டவள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். சிறுமியாயிருந்த காலத்தில் வாய்பாடு ஒப்புவிக்க மறுத்து அம்மாவிடம் அடி வாங்கியவள் அவள்!

விஷயம் இதுதான். பிரித்தானியாவில் நிலையாக வதிவதற்கும், அதன் பின் அந்நாட்டுப் பிரஜையாவதற்கும் விரும்புகின்றவர் ஒரு பரீட்சையிலே தேறியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற பரீட்சை அது. 24 வினாக்கள், 45 நிமிட நேரம். 18 வினாக்களுக்கேனும் சரியான விடை தந்தால் தேர்ச்சி. 17 என்றால் மீண்டும் பணங் கட்டி மீண்டும் எழுத வேண்டும். இதற்கென அரசாங்கத்தார் ஒரு கைந்நூலும் வெளியிட்டிருக்கின்றனர். பகலில் வைத்தியசாலையில் நோயாளரைப் பராமரித்து, இரவிலே பிள்ளைகளை உறங்க வைத்த பின்னர் என் தங்கை அதனைப் படிக்கின்றாள். ஹேஸ்டிங்ஸ் யுத்தம் 1066, பொஸ்வேர்த் யுத்தம் 1485 என்று அவள் அடுக்கிக்கொண்டு போகையில், பதுளைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கடைசி நிமிடம் வரை புத்தகத்தைப் புரட்டும் பெண்பிள்ளைகளின் முகமே என் கண்முன் நின்றது.

ஆனால் அவள் அன்று சொன்ன மற்றொரு செய்தியே என்னை எழுதத் தூண்டியது. தன்னோடு பணிபுரியும் ஆங்கிலத் தாதியர் நால்வரிடம், இடைவேளையில் வேடிக்கையாக அந்த வினாக்களைக் கேட்டுப் பார்த்திருக்கின்றாள். நால்வரும் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கு 11, ஒருவருக்கு 13, மற்ற இருவர் பாதியிலேயே கைவிட்டுவிட்டனர். எவரும் 18-ஐ எட்டவில்லை. "அதற்காக அவர்கள் வருந்தினார்களா?" என்று கேட்டேன். "இல்லை அண்ணே, விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'நாங்கள்தான் இங்கே பிறந்துவிட்டோமே, எங்களை யார் கேட்கப் போகிறார்கள்?' என்று ஒருத்தி சொன்னாள்" என்றாள் தங்கை.

எங்களை யார் கேட்கப் போகிறார்கள்! அன்றிரவு முழுவதும் அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. ஏன் என்பதைப் பின்னர் கூறுகின்றேன்.

பிரித்தானியர் மட்டுமே இவ்விதம் இருக்கின்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலே குடியேறுவோருக்கும் அந்நாட்டு வரலாறு, அரசியலமைப்பு பற்றிய வாய்மொழிப் பரீட்சை உண்டு. 2018-ஆம் ஆண்டில் வுட்ரோ வில்சன் பெயர் தாங்கிய ஒரு கல்வி நிறுவனம், அந்நாட்டுப் பிரஜைகள் ஆயிரம் பேரிடம் அப்பரீட்சையின் வினாக்களைக் கொடுத்துப் பார்த்தது. தேறியவர் நூற்றுக்கு 36 பேரே. 45 வயதுக்கு உட்பட்டோரிலே நூற்றுக்கு 19 பேர் மாத்திரம். பெஞ்சமின் பிராங்கிளின் எதனாற் புகழ் பெற்றவர் என்ற வினாவுக்கு, அவர் மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் என்று நூற்றுக்கு 37 பேர் விடையளித்தனராம். எடிசன் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

பரீட்சை நடத்துவோரின் மதியும் எப்போதும் தெளிந்ததாக இருப்பதில்லை. டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோம் புரூக்ஸ் என்பார் அமெரிக்காவிற் பிறந்து, பிரித்தானியப் பரீட்சையைத் தாமே எழுதித் தேறி அந்நாட்டுப் பிரஜையானவர். அவர் 2013-ஆம் ஆண்டில் அப்பரீட்சையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். 'இலண்டன் கண்' எனப்படும் அந்தப் பெரிய இராட்டினத்தின் உயரம் எத்தனை அடி என்பதைப் புதிய பிரஜை அறிந்திருக்க வேண்டும். ஆபத்து வேளையில் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தையோ அறிந்திருக்கத் தேவையில்லை என்னும் விசித்திரத்தை அவர் எடுத்துக்காட்டினார். வினாத்தாள் தயாரிக்கும் தொழிலில் உள்ளவன் என்ற முறையில், இதனைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது. நாமும் இப்படித்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

பரீட்சை என்ற பெயரிலே வஞ்சகம் செய்தோரும் உளர். அவுஸ்திரேலியாவிலே 1901 முதல் 1958 வரை 'சொல்வதெழுதல்' பரீட்சை ஒன்று இருந்தது. வெள்ளையர் அல்லாதாரைத் தடுப்பதே அதன் நோக்கம். ஐம்பது சொற்களை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியிலே வாசிப்பார்கள். வந்தவர் அதனை எழுத வேண்டும். எந்த மொழி என்பதைத் தீர்மானிப்பவர் உத்தியோகத்தரே! ஆங்கிலம் தெரிந்தவராயின் வேறு மொழி வரும். 1934-இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் வந்திறங்கினார். பொதுவுடைமைக் கொள்கையினரான அவரை உள்ளே விட அரசாங்கத்துக்கு மனமில்லை. ஆனால் அவரோ பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். ஆகவே ஸ்கொத்லாந்தின் மலைப்புறத்திலே சிலர் பேசும் கேலிக் மொழியிலே அவருக்குச் சொல்வதெழுதல் வைத்தனர். அவர் தோல்வியுற்றார் என்று சொல்லவும் வேண்டுமா? பின்னர் அந்நாட்டு உயர் நீதிமன்றம், அந்த மொழி சட்டம் கருதிய ஐரோப்பிய மொழியன்று என்று தீர்ப்பளித்தது. தம் மொழியை இவ்வாறு இழித்துரைப்பதா என ஸ்கொத்லாந்து வழியினர் கொதித்தெழுந்தது தனிக் கதை.

நிற்க. தங்கையின் பேச்சைக் கேட்ட மறுநாள், எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலே நானும் ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். இலங்கையைப் பற்றிப் பத்து வினாக்களை ஒரு தாளில் எழுதிச் சக ஆசிரியர்களிடம் நீட்டினேன். பாராளுமன்ற உறுப்பினர் 225 பேரில் தேர்தல் மாவட்டங்களால் நேரே தெரிவாகுவோர் எத்தனை பேர்? தேசியப் பட்டியலால் வருவோர் எத்தனை பேர்? தமிழையும் அரசகரும மொழியாக்கிய திருத்தம் எது, எந்த ஆண்டு? தேசிய மலர் யாது? தேசிய கீதத்தைத் தமிழிலே ஆக்கித் தந்தவர் யார்? இவை போன்றவை. விடை எழுதியவர் பன்னிருவர். ஆறுக்கு மேற் பெற்றவர் நால்வர். 196, 29 என்ற கணக்கைச் சரியாகச் சொன்னவர் இருவர். காலைதோறும் பிள்ளைகளோடு நின்று பாடும் கீதத்தின் தமிழாக்கம் பண்டிதர் மு. நல்லதம்பியாருடையது என்பதைக் கூறியவர் ஒரே ஒருவர். அவரும் ஓய்வு பெற ஆறு மாதம் இருப்பவர். 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செய்தித்தாள்களுக்கு நன்றி.

"உங்களுக்கு எத்தனை ஐயா?" என்று ஓர் ஆசிரியை என்னைக் கேட்டார். வினாக்களை நானே எழுதியமையால் தப்பினேன்.

எல்லோரும் சிரித்தோம். இலண்டன் தாதியரைப் போலவே சிரித்தோம். அந்தச் சிரிப்பின் நடுவேதான் எனக்கு எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

அந்தப் பெட்டியில் என் பாட்டனாரின் தாள்கள் இருக்கின்றன. அவரும் ஒரு பிரஜாவுரிமைப் பரீட்சை எழுதியவர். எழுதினார் என்பது பிழை, அவருக்கு எழுதத் தெரியாது, பெருவிரலை ஊன்றினார். தோல்வியுற்றார்.

இளைய தலைமுறையினர் பலருக்கு இந்த வரலாறு பாடப் புத்தகத்தில் வரும் நான்கு வரியாகவே இருக்கின்றது. ஆதலாற் சற்று விரித்துரைப்பதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். 1948-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15-ஆந் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இந்நாட்டிற் பிறந்திருந்தாற் போதாது. அவருடைய தந்தை இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும். அதுவே பரம்பரைப் பிரஜைக்கு இலக்கணம். அடுத்த ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவராயின் 1946 தை முதலாந் திகதிக்கு முந்திய ஏழாண்டுகள், மணமாகாதவராயின் பத்தாண்டுகள் இந்நாட்டிலே இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். மனைவி மக்களும் இங்கேயே வதிந்திருக்க வேண்டும். போதிய வருவாயும் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். 1951 ஆகஸ்ட் 5-ஆந் திகதியோடு அது முடிந்தது. அதற்கிடையில் தேர்தற் சட்டத்தையுந் திருத்தி, பிரஜை அல்லாதார்க்கு வாக்கில்லை என்றாக்கினர். 1947-இல் மலையகத் தமிழர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அவர்களிற் சிலர். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலோ அந்த ஏழில் ஒன்றுதானும் மிஞ்சவில்லை. அவ்வாண்டு சத்தியாக்கிரகம் நடந்தது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று, 1953-இல் தள்ளுபடியாயிற்று.

என் பாட்டனார் ஏழு வயதுச் சிறுவனாக, தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு 1916-இல் வந்தவர். தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிப் புகையிரதத்திலே பண்டாரவளை வரை வந்தார்கள். அங்கே பாதை முடிந்தது. பதுளைக்கு இரும்புப் பாதை 1924-இலேதான் வந்தது. பண்டாரவளையிலிருந்து நமுனுகுலை மலையைச் சுற்றிக் கால்நடையாகப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று முதல் இறக்கும் வரை, பதுளை நகரையன்றி வேறு நகரை அவர் பார்த்ததில்லை. கொழும்பு எந்தத் திசை என்று கேட்டால் மேற்கே கையைக் காட்டுவார், அவ்வளவுதான்.

1951 ஆடி மாதத்தில் அவர் விண்ணப்பித்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலிலே விண்ணப்பிப்பதைப் பகிஷ்கரித்து, காலக்கெடு நெருங்கிய பின்னரே விண்ணப்பிக்கச் சொன்னமையால், கடைசி வாரங்களில் தோட்டந்தோறும் பெருங்கூட்டம். படிவத்தை நிரப்பித் தருவதற்குக் கணக்கப்பிள்ளைமாரும் பள்ளிக்கூட வாத்தியாரும் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை இருந்தார்களாம். செக்ரோலிற் பெயர் இருந்தது. துரை கொடுத்த கடிதம் இருந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன.

நான்காண்டு கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார் என்று பாட்டனார் சொல்லுவார். மனைவி எப்போதாவது இந்தியா போனாளா என்று கேட்டிருக்கின்றார். "போனாளுங்க. மூத்த பிள்ளைப் பேறுக்கு ஆயி வீட்டுக்குப் போனா" என்று இவர் சொல்லியிருக்கின்றார். எத்தனை நாள்? இவர் விரல்விட்டு எண்ணினார். 1941-ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழித்துப் போனாள், குழந்தை பிறந்தது, குழந்தைக்குக் கணச்சூடு, பிழைக்குமா என்ற நிலை, மறு ஆண்டு பங்குனியில் வந்தாள். பதினான்கு மாதம்.

ஒரு முறைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத பிரிவையே சட்டம் பொறுத்தது.

இரண்டு மாதம் கூடிப்போயிற்று. அந்தப் பெட்டியிலுள்ள கடிதத்தின் சாரம் அவ்வளவே. ஆங்கிலத்தில் நான்கு வரி. பாட்டனார் அதை வாசிக்க வல்லவராகவில்லை. என் தந்தையார் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கற்ற பின்னர், பத்து வயதில், எழுத்துக் கூட்டி அதனை வாசித்துக் காட்டினாராம். "ஏன் தாத்தா, பத்து மாதம் என்று சொல்லியிருக்கலாமே?" என்று நான் சிறுவயதில் அவரைக் கேட்டதுண்டு. "கேட்டாங்க, சொன்னேன்" என்பார். அதற்கு மேல் அவரிடம் விடை இல்லை. அப்பாயி மாத்திரம் அந்தப் பேச்செழும்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். பதினான்கு மாதம் தங்கியது தம் குற்றம் என்று அவர் இறக்கும் வரை நம்பினார். அந்தக் குழந்தை, என் மூத்த அத்தை, பிழைத்துக்கொண்டது.

என் பாட்டனார் தனியர் அல்லர். அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன. குடும்பத்தாரையும் சேர்த்தால் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இந்தியாவுக்குப் பணம் அனுப்பிய தாளிலே தற்காலிகமாக வதிபவன் என்று கையொப்பமிட்டதாற் கெட்டவர் உண்டு. இடையில் வேறு தோட்டத்துக்கு மாறி, நடுவே சில மாதங்களுக்குச் சான்று காட்ட இயலாமற் கெட்டவர் உண்டு.

நான் ஆசிரியன் ஆதலால் எனக்கு இப்படியொரு கற்பனை தோன்றுவதுண்டு. பாட்டனாரிடம் நாட்டைப் பற்றிய வினாத்தாளை நீட்டியிருந்தால்? ஒரு றாத்தல் தேயிலைத் தூளுக்கு எத்தனை றாத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும்? ஏறத்தாழ நாலரை. ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணம் எந்த மாதங்களில் ஏறும்? ஆடி, ஆவணியில், வறண்ட காற்று இந்த மலைகளை ஊடறுத்து வீசும் காலத்தில். அடைமழையில் எந்த மலையின் கான் முதலில் உடையும்? எந்த மண்ணிலே கன்று பிடிக்கும், எதிலே பட்டுப்போகும்? உலகச் சந்தையில் இலங்கை என்ற பெயரை நிறுத்திய பொருளைப் பற்றிய வினாக்கள் அல்லவா இவை? அவர் நூற்றுக்கு நூறு பெற்றிருப்பார். கறுவாத் தோட்டத்துக் கனவான்கள் எத்தனை பேர் தேறியிருப்பர் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

அதனாற்றான், வெளிநாட்டு அறிவுப் பரீட்சைகளை நம்மவர் சிலர் குறை கூறும்போது என்னாற் கூடச் சேர்ந்து குறை கூற முடிவதில்லை. இராட்டினத்தின் உயரத்தைக் கேட்பது அபத்தம்தான்; ஆனால் அதனைப் படித்துத் தேறலாம். இன்று 17 வாங்கினால் அடுத்த மாதம் 18 வாங்கலாம். பூட்டன் பிறந்த ஊரை எந்த இரவு விழித்துப் படித்து மாற்றுவது? கடந்துபோன பதினான்கு மாதத்தை எப்படிப் பன்னிரண்டாக்குவது?

1964 ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இலே இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பலாக்காயைப் பிளப்பது போல் எங்கள் வீடும் பிளந்தது. பெரியப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். இருவரும் பிறந்தது ஒரே லயத்தின் ஒரே காம்பராவில். பெரியப்பா குடும்பத்தோடு பதுளைப் புகையிரத நிலையத்திலே ஏறியபோது எழுந்த அழுகையை அம்மா இன்றும் சொல்லுவார். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அவர் கோத்தகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே கொய்து, அங்கேயே 'சிலோன்காரர்' என்ற பெயரோடு காலமானார். இங்கே இந்தியத் தமிழர், அங்கே சிலோன்காரர்.

அப்பாவின் விண்ணப்பம் வரிசையில் நின்றது. நான் 1980-இலே பிறந்தேன். எனக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் உண்டு. பதுளை மாவட்டம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நாடு மாத்திரம் இல்லை. 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பியாது இங்கே எஞ்சியிருந்தோரை ஒரு சத்தியக் கடதாசியின் பேரில் இலங்கைப் பிரஜைகள் என ஏற்றது. சமாதான நீதவான் வீட்டுத் திண்ணையில், அப்பா வேட்டியை இறக்கிவிட்டு நின்று கையொப்பமிட்டதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. வரும் வழியிற் கடையில் நிறுத்தி எனக்கொரு பணிசும் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். அன்று நான் ஒரு நாட்டுக்குரியவனானேன் என்பது எனக்குத் தெரியாது, பணிஸ்தான் நினைவிருக்கிறது. பாட்டனார் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அதன் பின்னரும் விடுபட்டோர்க்காக 2003-இலே மீண்டுமொரு சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனத்தின் துணையோடு தோட்டந்தோறும் முகாமிட்டுப் பத்தே நாளில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்கு அவ்வுரிமையை வழங்கினர். பத்து நாள்! ஐம்பத்தைந்து ஆண்டுகள் முடியாதிருந்த காரியம்.

இவையெல்லாம் நினைவில் ஓட, ஆசிரியர் ஓய்வறையில் இரண்டாவது வினாத்தாளொன்றை நான் வாய்மொழியாகவே கேட்டேன். "உங்கள் தந்தைவழிப் பூட்டனார் எங்கே பிறந்தார்? அதற்குத் தாள் உண்டா?"

சிரிப்பு நின்றது. தோட்டத்துப் பிள்ளைகளாகப் படித்து வந்த ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விஞ்ஞானம் கற்பிப்பவர், பூட்டனாரின் பெயர் தெரியும், காணி உறுதியிற் பார்த்த நினைவு, பிறந்த திகதி தெரியாது என்றார். சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் வெலிமடைப் பக்கத்தவர், நல்ல நண்பர். தம் 'வாசகம'ப் பெயரைக் கொண்டு ஏழு தலைமுறையைச் சொல்லுவேன் என்றார். 1818-ஆம் ஆண்டு ஊவாக் கலகத்திலே தம் முன்னோர் ஒருவர் பட்ட பாட்டையும் சொன்னார். "அதற்குத் தாள் உண்டா, மாத்தயா?" என்றேன். அவர் யோசித்தார். பிறப்புப் பதிவென்பதே ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் நிலைத்தது. கிராமத்தில் யார் போய்ப் பதிந்தார்கள்? விடுமுறைக்கு ஊர் சென்றபோது அவர் உண்மையாகவே தேடியிருக்கிறார். பூட்டனாருக்கு ஒரு தாளும் இல்லை. பாட்டனாருக்கு விவாகப் பதிவு மட்டும் கிடைத்தது. பிறப்புப் பதிவு இல்லை.

"அப்படியானால் 1948-இல் நானும் தோற்றிருப்பேன்" என்றார் திரும்பி வந்து.

"தோற்றிருப்பீர்கள். ஆனால் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்" என்றேன்.

நான் கடுமையாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் சோற்றுப் பொதியை அவிழ்த்து, அதிலிருந்த பொலொஸ் கறியைப் பாதி எனக்கு வைத்தார். மாணவருக்கும் இதனைக் கற்பியுங்கள், நான் என் வகுப்பில் சிங்களத்திற் சொல்லுகிறேன் என்றார். சொல்லவும் செய்தார்.

என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரிடமும் அதே வினாவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். பூட்டனின் பெயரையேனும் அறிந்து வந்தவர் பதினொருவர். ஆனால் அந்த வாரம் முழுதும் பசறையைச் சூழ்ந்த தோட்டங்களிலே பாட்டிமார் பேசிய பேச்சு, பல ஆண்டாகப் பேசாத பேச்சு என்று ஒரு பிள்ளையின் தாய் வந்து சொன்னார். ஒருத்தி நான்கு பக்கம் எழுதி வந்தாள். பிழைகளைத் திருத்தச் சிவப்புப் பேனாவை எடுத்து, திருத்தாமலே வைத்துவிட்டேன்.

தங்கை தைப் பொங்கலுக்கு மறுவாரம் பரீட்சை எழுதினாள். தேறிவிட்டாள். அன்று மாலை தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுபத்தொன்பது வயது, காது மந்தம், உரக்கப் பேச வேண்டும்.

"எத்தனை கேள்விம்மா?"

"இருபத்துநாலு அப்பா."

"தாத்தா எங்கே பிறந்தார்னு கேட்டாங்களா?"

"இல்லப்பா. அதெல்லாம் கேட்கமாட்டாங்க."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. தங்கை உற்சாகத்தோடு, இனிப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும், அதற்கு முன்பு சித்திரையில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குத் தான் வந்து உடனிருக்கப் போவதாகவும் சொன்னாள். அப்பாவின் முகம் மாறியது.

"எத்தனை நாள் தங்குவே?"

"மூணு வாரம்."

"அங்கே நாள் கணக்கு இருக்கா? வெளியே போனா எண்ணுவாங்களா?"

இருக்கத்தான் செய்கிறது. பொது விதிப்படி, விண்ணப்பிப்பதற்கு முந்திய ஐந்தாண்டில் 450 நாளுக்கு மேலும், கடைசி ஓராண்டில் 90 நாளுக்கு மேலும் அந்நாட்டைப் பிரிந்திருக்கலாகாது. தங்கை அதை விளக்கினாள். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு மனம் ஆறவில்லை. அம்மாவுக்குக் கண் எங்கள் பொறுப்பு, நீ வராதே என்றார். அம்மா உள்ளேயிருந்து, வரட்டும் என்றார். இறுதியில் மூன்று வாரத்துக்கு அப்பா சம்மதித்தார்.

பேசி முடித்த பின்னர், சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி வரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தங்கை வரும் திகதியையும் போகும் திகதியையும் வட்டமிட்டு, இடையிலுள்ள நாள்களைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபத்தொன்று. மறுமுறையும் எண்ணினார். பின்பு அதனை ஆணியில் மாட்டும்படி என்னிடம் தந்தார்.